செவியும் விதியும்

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் கடற்கரைப் பெருந்தெருவில், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்துள்ளது காரைதீவு. வடக்கிலும் தெற்கிலும் முஸ்லிம் ஊர்கள், கிழக்கே கடல், மேற்கே நெல்வயல்கள். 1892ஆம் ஆண்டில் இவ்வூரில் மயில்வாகனன் என்னும் பெயருடன் பிறந்த சிறுவனே பின்னாளில் சுவாமி விபுலாநந்தராகத் தமிழுலகறிய விளங்கினார். விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்த அவ்வறிஞர், வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழின் இசையைக் கணிதத்தின் துணைகொண்டு மீட்டெடுக்க முயன்றார். அம்முயற்சியின் கனியாகிய ‘யாழ்நூல்’ 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார்.

ஒலியைப் போற்றிய நிலம் இது. மட்டக்களப்பு வாவியின் நீருக்கடியிலிருந்து நிலவிரவுகளில் எழும் இன்னொலியைக் காது கொடுத்துக் கேட்டுப் பரவசமுற்ற மக்கள் இந்நிலத்தவர். கடலில் வலையிழுப்போரின் அம்பாப் பாட்டு, களத்து மேட்டின் பொலிப் பாட்டு, கண்ணகியம்மன் கோயிலின் குளிர்த்திப் பாடல், பள்ளிவாசலின் பாங்கோசை என வாழ்க்கையின் ஒவ்வொரு படியிலும் செவிக்கு ஓரிடம் அளித்தவர்கள் இவர்கள். ஆயினும் இத்துணை ஒலிகளுக்கும் நடுவே, ஏனைய எல்லா ஊர்களிலும் போலவே, ஒலியே எட்டாத குழந்தைகளும் வாழ்ந்து வந்திருக்கின்றனர். யாழின் வரலாற்றை ஒருவர் எழுதினார். இக்குழந்தைகளின் வரலாற்றை எழுதியவர் யார்?

அவ்வரலாறு மிகப் பெரிது. பிள்ளைப் பருவத்தில் செவிப்புலன் கெடுவதற்குக் காரணங்கள் பல: தாய் கருவுற்றிருக்கையில் தொற்றும் ருபெல்லாக் காய்ச்சல், மூளையுறைக் காய்ச்சல், பிறப்பின்போது நேரும் மூச்சுத் திணறல், ஆறாத காதுப் புண், சில மருந்துகளின் நச்சுத்தன்மை, இவற்றோடு பரம்பரை. பிள்ளைப் பருவச் செவிப்புலன் இழப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு தடுக்கக்கூடிய காரணங்களால் நேர்வது என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இவ்வனைத்தையும் ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. நாம் ஒரு சிறு கிளையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: பிறவியிலேயே உடலின் இரசாயனத்தில் நேர்ந்துவிடும் குறையினால் செவியை இழக்கும் குழந்தைகள். இவர்கள் மிகச் சிலரே. எனினும் விதி என்று மக்கள் நம்பியதும், விஞ்ஞானம் கண்டறிந்ததும், சமுதாயம் செய்யத் தவறியதும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுவேயாகும்.

பழையோர் கண்ட செவிடு

உடற்குறைகளைப் பற்றிய நினைவு தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. புறநானூற்றின் 28ஆம் பாட்டு மனிதப் பிறவியில் நேரும் எண்வகைக் குறைகளை வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையில் ஊமையும் செவிடும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. செவி கேளாமையினாலேயே பேச்சு வாராமற் போகின்றது என்ற உண்மை உலகில் நெடுங்காலம் தெளிவுபடவில்லை. கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்துச் செவியைச் செல்வமெனப் போற்றியது திருக்குறள். ஆனால் அச்செல்வம் வாய்க்காத பிள்ளைக்கு ஊரார் அளித்ததோ ஏச்சும் இரக்கமுமே. முற்பிறவிப் பாவம் என்றனர், நாவூறு என்றனர், தாய் செய்த குற்றம் என்றனர். காரணம் தெரியாத இடத்தில் பழி குடியேறுவது இயல்பு. அப்பழி பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே இறங்கிற்று.

மேலைநாட்டின் கதையும் வேறன்று. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினிலே வெலாஸ்கோ என்னும் பெருநிலப் பிரபுக் குடும்பம் ஒன்றிருந்தது. சொத்து வெளியே செல்லாதிருக்கும் பொருட்டு அத்தகைய குடும்பங்கள் தமக்குள்ளேயே மணம் புரிந்துகொண்டன. அக்குடும்பத்தில் செவிடராய்ப் பிறந்த பிள்ளைகள் பலர். பேச இயலாதவன் சொத்துரிமையைப் பேணுவதில் அக்காலச் சட்டம் இடர் விளைத்தது. இந்நிலையில் ஓஞா என்னும் ஊரின் மடத்திலிருந்த பேத்ரோ பொன்சே த லேயோன் என்ற துறவி அப்பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பித்தார். ஐரோப்பாவில் செவிடர் கல்வியின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நிலவுடைமை மணத்தைத் தீர்மானித்தது. மணம் பரம்பரைக் குறையை ஒரே வீட்டில் திரட்டியது. பின்னர் அதே நிலவுடைமையே அக்குறைக்குக் கல்வியைத் தேடித் தந்தது. நிலமில்லாதவன் வீட்டில் பிறந்த செவிட்டுக் குழந்தைக்கு அம்மடத்தின் கதவு திறந்ததாகத் தெரியவில்லை. ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்துக் கைமொழியிற் கற்பிக்கும் பாடசாலை, இரண்டு நூற்றாண்டு கழிந்து, பாரிஸ் நகரில் அபே த லெப்பே என்னும் பாதிரியாரால் நிறுவப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் தேசிய சபை 1791இல் அதனை அரசின் பொறுப்பில் ஏற்றது. செவிட்டுக் குழந்தையின் கல்வி தருமமன்று, உரிமை என்ற எண்ணம் புரட்சியின் பிள்ளை என்பதை நம் ஆசிரியர்கள் நினைவிற் கொள்வது நன்று.

சிறுநீரில் ஒரு சரித்திரம்

செவிட்டுத்தன்மை சில குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருவதை மக்கள் கண்டிருந்தனர். ஏன் வருகின்றது என்பதற்கு விடை செவியிலிருந்து கிடைக்கவில்லை. அதற்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் சிறுநீரிலிருந்து கிடைத்தது.

இலண்டனில் ஆர்ச்சிபால்ட் கரொட் என்னும் வைத்தியர், பிறந்த குழந்தையின் சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துவிடும் அல்கப்டோனூரியா என்ற அரிய நிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்குழந்தைகளின் பெற்றோர் பலர் உடன்பிறந்தோரின் மக்கள் என்பதை அவர் கவனித்தார். மெண்டலின் பரம்பரை விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்த காலம் அது. வில்லியம் பேற்சன் என்னும் உயிரியலறிஞர் அவ்விதிகளைக் கொண்டு இதனை விளக்கினார். 1902இல் கரொட் வெளியிட்ட கட்டுரையும், 1908இல் அவர் ஆற்றிய விரிவுரைகளும் ஒரு புதிய கருத்தை உலகுக்கு அளித்தன.

உண்ட உணவை உடைத்தும் சேர்த்தும் உடல் தனக்கு வேண்டியனவாக மாற்றிக்கொள்ளும் இரசாயனத் தொழிலை அனுசேபம் என்கிறோம். அத்தொழிலின் ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு நொதியம் நடத்துகின்றது. ஒரு நொதியம் பிறவியிலேயே இல்லாதொழிந்தால் அப்படியில் வேலை நின்றுவிடும். ஒரு பொருள் தேங்கும், மற்றொன்று கிடையாதுபோகும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரு பரம்பரையலகுகளும் குறையுற்றால்தான் பெரும்பாலும் நோய் தோன்றும். ஒன்று மட்டும் குறையுற்றவர் நோயின்றி வாழ்வார். தாம் அதைச் சுமப்பதை அறியவும் மாட்டார். சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிறப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. இதிலே தாயின் பங்கு பாதி, தந்தையின் பங்கு பாதி. நூற்றாண்டுகளாகத் தாயின் மேல் மட்டும் சுமத்தப்பட்டு வந்த பழி இக்கணக்கின்முன் நிற்க வலியற்றது.

கரொட்டின் கருத்தை அக்கால வைத்தியவுலகம் பெரிதாகக் கொள்ளவில்லை. அதன் அருமையை உணர்ந்து எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். மார்க்சியவாதியாகவும் தொழிலாளர் பத்திரிகையில் விஞ்ஞானம் எழுதியவராகவும் நாம் அறிந்த அவரே, 1957இல் இந்தியாவுக்கு வந்து தங்கி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். அவரது தூண்டுதலால் ஆந்திரத்தில் உறவுமணம் பற்றிய ஆய்வுகள் நிகழ்ந்தன. தென்னாட்டின் மாமன் மகள் மணத்தைப் பழிக்கவும் போற்றவும் அவர் முனையவில்லை. எண்ணிப் பார்க்க முனைந்தார்.

இதற்கிடையே நோர்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளை ஒவ்வொரு வைத்தியரிடமாகக் கொண்டு அலைந்தார். அக்குழந்தைகளின்மேல் வீசிய விநோத வாசனையை எவரும் பொருட்படுத்தவில்லை. 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் வைத்தியர் பொருட்படுத்தினார். சிறுநீரைச் சோதித்து, ஃபீனைல் கீற்றோனூரியா என்று இன்று வழங்கும் அனுசேபக் கோளாற்றைக் கண்டறிந்தார். 1950களின் தொடக்கத்தில் அதற்குரிய உணவுமுறை பிரித்தானியாவில் வகுக்கப்பட்டது. அங்கும் ஒரு தாயின் இடைவிடாத வற்புறுத்தலே வைத்தியர்களை ஆய்வுகூடத்துக்குள் தள்ளிற்று. பிறவி நோய்க்கு மருந்தில்லை என்ற பழைய தீர்ப்பு அன்று உடைந்தது.

செவி கெடும் வழிகள்

அனுசேபக் கோளாறுகள் செவியை எவ்வாறு தாக்குகின்றன? உட்காதிலே நத்தைச் சுருள் போன்ற ஓர் உறுப்புண்டு. ஒலியின் அசைவை நரம்பின் செய்தியாக மாற்றும் நுண்மயிர்க் கலங்கள் அங்கே உள்ளன. ஓய்வின்றி உழைக்கும் இக்கலங்களுக்கு இடையறாத சக்தி வேண்டும். 1978இல் டேவிட் கெம்ப் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி வியப்பான ஓர் உண்மையைக் கண்டார்: செவி ஒலியை வாங்குவதோடு, தானும் மிக மெல்லிய ஒலியொன்றை எழுப்புகின்றது. யாழ்நூலாசிரியர் உயிரோடிருந்து இதனைக் கேட்டிருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்! அவ்வொலியைப் பதிவு செய்யும் சிறு கருவியைக் கொண்டே இன்று பிறந்த குழந்தையின் செவியைச் சில நிமிடங்களிற் சோதித்துவிடுகின்றனர். சக்தி குறைந்தாலும் நச்சுப் பொருள் தேங்கினாலும் இந்த நுண்ணிய இசைக்கருவி பழுதுறும். எடுத்துக்காட்டாக நான்கு நோய்களைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, பயோட்டினிடேஸ் என்னும் நொதியக் குறைபாடு. பயோட்டின் ஒரு விற்றமின். ஒருமுறை பயன்பட்ட பயோட்டினை உடல் வீணாக்காது மீட்டெடுத்துக்கொள்ள இந்நொதியம் தேவை. அது இல்லாத குழந்தை பிறக்கையில் எவ்விதக் குறையுமின்றிக் காணப்படும். சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் வலிப்பு வரும், தோலிற் சிரங்கு தோன்றும், தலைமயிர் உதிரும், தசை தளரும், பார்வையும் செவியும் மங்கும். கடுமையான குறைபாட்டோடு நோய்க்குறி தோன்றிய குழந்தைகளில் நாலில் மூவர் அளவில் செவிப்புலனை இழக்கின்றனர். பரி வுல்ஃப் என்னும் அமெரிக்க வைத்தியர் 1983இல் இந்நோயின் மூலத்தை வெளிப்படுத்தினார். 1984இல் வேர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த குழந்தைகளைச் சோதிக்கும் முயற்சி தொடங்கிற்று. இதற்கு மருந்து, நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து மில்லிகிராம் பயோட்டின். அவ்வளவே. வாய்வழி கொடுத்தால் வலிப்பு நிற்கும், தோல் ஆறும், மயிர் வளரும். ஆனால் ஒருமுறை போன செவி பெரும்பாலும் மீள்வதில்லை. நோய் தோன்றுமுன் மருந்து தொடங்கிய குழந்தையோ செவியை இழப்பதில்லை. ஆயுள் முழுவதும் கேட்பதற்கும் கேளாதிருப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு துளி இரத்தமும் சில வார காலமுமே என்பதை எண்ணுக.

இரண்டாவது, பிறவித் தைரொயிட் குறைபாடு. தைரொயிட் ஓமோன் இன்றி மூளையும் உட்காதும் செவ்வனே முதிர்வதில்லை. ஏறத்தாழ மூவாயிரம் பிறப்புக்கு ஒன்று என்னும் அளவில் இது காணப்படுகின்றது. பலருக்கு இது பரம்பரையன்று; சுரப்பி உருவாகாமையின் விளைவு. ஒரு சாராருக்கு மட்டும் ஓமோனை ஆக்கும் நொதியத்தின் பரம்பரைக் குறையால் வருகின்றது. கழலையும் செவிடும் ஒருங்கே கண்ட சகோதரிகள் இருவரைப் பற்றி வோன் பென்றட் என்னும் ஆங்கில வைத்தியர் 1896இலேயே எழுதியுள்ளார். அப்பரம்பரை நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

மூன்றாவது, கலங்களினுள்ளே சிக்கலான சர்க்கரைப் பொருள்கள் சிதையாது தேங்கும் நோய்கள். கனடாவில் சார்ள்ஸ் ஹண்டர் 1917இல் இரு சகோதரரிடத்தும், ஜெர்மனியில் கேர்ட்றூட் ஹூர்லர் என்ற பெண் வைத்தியர் 1919இலும் இவற்றை விவரித்தனர். இக்குழந்தைகளுக்கு அடிக்கடி காதில் நீர் கோக்கும். செவி மெல்ல மங்கும். உண்மை நோய் தெரியவருமுன்னரே காதுக்கும் தொண்டைக்கும் சத்திரசிகிச்சை செய்யப்பெற்ற பிள்ளைகள் இவர்களிற் பலர். ஆறாத காது நோயோடு முகமும் மூட்டும் மாறிவரும் பிள்ளையைக் காணும் வைத்தியரும் ஆசிரியரும் இதனை நினைவுகூர்தல் வேண்டும்.

நான்காவது, கலங்களின் சக்திச்சாலையாகிய இழைமணிகளின் கோளாறு. இவற்றில் ஒரு பகுதி தாய்வழியாக மட்டுமே இறங்குகின்றது. தாய்வழியே நீரிழிவும் செவிடும் சேர்ந்து வரும் நோய் 1992இல் விளக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மற்றுமோர் உண்மை வெளிவந்தது: தாய்வழியே வரும் ஒரு சிறு மாற்றத்தைச் சுமப்பவருக்கு ஸ்ரெப்ரோமைசின், ஜென்ராமைசின் இனத்து மருந்துகள் செவியை அடியோடு அழித்துவிடக்கூடும்.

குடியும் மணமும்

இவ்விடத்தில் நாம் மீண்டும் காரைதீவுக்கும் கல்முனைக்கும் வருவோம். மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரையிலான இக்கரையோரத்தில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடி முறை வழங்கி வந்துள்ளது. பிள்ளை தாயின் குடியைச் சேரும்; ஒரே குடியினுள் மணம் விலக்கு; மச்சான் மச்சாள் மணம் விரும்பத்தக்கது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லும். இம்முறையை அநாகரிகம் என்று பழிப்பது எளிது. அதன் பொருளாதார அடித்தளத்தைக் காண்பதே வரலாற்று நோக்கு. வயலும் வீடும் சிதறாதிருக்கவும், மகள் அறியாத வீட்டில் அடிமைப்படாதிருக்கவும் இம்மணமுறை ஒருகாலத்தில் உதவிற்று.

ஆயினும் குடி விலக்கும் இரத்த உறவும் ஒன்றல்ல. மாமன் மகள் வேறு குடியினளாக இருக்கலாம். பாட்டனும் பாட்டியும் இருவருக்கும் ஒருவரே. எளிய கணக்கொன்று செய்து பார்ப்போம். பயோட்டினிடேஸ் குறைபாடு உலகளவில் ஏறத்தாழ 60,000 பிறப்புக்கு ஒன்று என்று கூறப்படுகின்றது. அப்படியாயின் 120 பேரில் ஒருவர் அளவில் குறையுற்ற அலகைச் சுமப்பர். உறவினரல்லாத இருவர் மணந்தால் வாய்ப்பு 60,000இல் ஒன்று. மாமன் மகளும் அத்தை மகனும் மணந்தால், ஒரே அலகு இருவழியாலும் வந்து சேரக்கூடுமாதலின், ஏறத்தாழ 3,700இல் ஒன்றாகும். பதினாறு மடங்கு ஏற்றம். உறவுமணம் மிக்க துருக்கியில் இந்நோய் மிகுந்து காணப்படுவதன் காரணமும் இதுவே.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் காண்க. 3,700இல் 3,699 குழந்தைகளுக்கு இந்நோய் இல்லை. எல்லாவகைப் பெரும் பிறவிக் குறைகளையும் சேர்த்துப் பார்த்தால், பொதுவில் நூற்றுக்கு இரண்டு மூன்றாக இருப்பது உறவுமணத்தில் நான்கு முதல் ஆறளவுக்கு உயர்கின்றது. ஆகவே மச்சாளை மணந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் அறியாமை. ஒன்றும் நேராது என்று கண்ணை மூடிக்கொள்வதும் அறியாமை. ஒரு வீட்டில் முன்னரே இத்தகைய குழந்தை பிறந்திருப்பின், மணத்துக்கு முன்பும் கருவுறுமுன்பும் வைத்தியரிடம் அறிவுரை பெறுதல் வேண்டும். உறவுமணமே இல்லாத சமுதாயங்களிலும் இந்நோய்கள் உண்டு என்பதை மறத்தலாகாது.

மற்றொன்றும் கூறுவோம். குடிவழியை ஏழு தலைமுறைக்கு எண்ணிச் சொல்லும் மூதாட்டியர் இவ்வூர்களில் வாழ்ந்து வந்துள்ளனர். இன்னாள் வயிற்றில் இன்னான், அவன் செவிடன், அவன் தாயின் தமக்கை மகனும் செவிடன் என்று அவர்கள் கூறும் செய்தி, பரம்பரை நோயை ஆராயும் வைத்தியனுக்குப் பெறற்கரிய வரைபடம். தாய்வழி இறங்கும் இழைமணி நோயைத் தேடுவோனுக்குத் தாய்வழிக் குடியின் நினைவைவிடச் சிறந்த ஏடு வேறில்லை. பழைய சமுதாயத்தின் நினைவைப் புதிய விஞ்ஞானத்தின் தொண்டுக்குத் திருப்புவது எவ்வாறு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

துளி இரத்தமும் அதன் விலையும்

அறிவு பிறந்துவிட்டால் அது எல்லோரையும் அடைந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத் துளியை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை அமெரிக்காவில் ரொபேட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். மனவளர்ச்சி குன்றிய மகனொருவனின் தந்தை அவர். தாம் ஆறு டொலர் செலவில் ஆக்கிய சோதனைப் பொதியை ஒரு நிறுவனம் 262 டொலருக்கு விற்க முனைந்ததை அறிந்து அவர் வெகுண்டார். அதனை எதிர்த்துப் போராடினார். அதே வடிதாளே 1970களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தைரொயிட் சோதனைக்கும், 1984இல் பயோட்டினிடேஸ் சோதனைக்கும் பயன்பட்டது.

1983ஆம் ஆண்டை மீண்டும் நோக்குக. விலையற்ற விற்றமினால் தடுக்கக்கூடிய நோயின் மூலம் வெளிப்பட்ட அதே ஆண்டில், அமெரிக்காவில் அரிய நோய்களின் மருந்துகளுக்கு ஏழாண்டுத் தனிவிற்பனை உரிமை அளிக்கும் சட்டம் நிறைவேறியது. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு அதனால் மருந்துகள் வந்தன என்பது உண்மை. ஹூர்லர் நோய்க்கு 2003இலும் ஹண்டர் நோய்க்கு 2006இலும் நொதியமே மருந்தாகச் சந்தைக்கு வந்தது. ஆனால் அவற்றின் விலை ஆண்டொன்றுக்குப் பல இலட்சம் டொலர். காரைதீவின் கமக்காரனோ சாய்ந்தமருதின் மீனவனோ ஏழு பிறவி உழைத்தாலும் அதனை வாங்க இயலாது. இலாபம் உள்ள இடத்துக்கு ஆராய்ச்சி ஓடுகின்றது. இலாபமில்லாத பயோட்டின் மாத்திரையைக் குழந்தையின் வாயிற் சேர்க்க விளம்பரம் செய்வார் இல்லை. அதனைச் செய்யவேண்டியது அரசு. அரசைச் செய்விக்க வேண்டியது மக்கள்.

இலங்கைக்கு இது ஆகாத செயலன்று. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, கிராமந்தோறும் மருத்துவ மாதுவைக் கொண்டுசென்றது. பிறந்த குழந்தையின் வீட்டுப்படி ஏறி நலம் விசாரிக்கும் அப்பெண் ஊழியர், பல செல்வ நாடுகளுக்கும் வாய்க்காத செல்வம். தாயின் ருபெல்லாக் காய்ச்சல் கருவிலுள்ள சேயைத் தாக்கிப் பிறவிக் குறையை விளைவிப்பதை அவுஸ்திரேலியாவின் நோர்மன் கிரெக் 1941இல் கண்டறிந்தார். அதற்குரிய தடுப்பூசி 1996இல் இந்நாட்டின் திட்டத்திற் சேர்ந்தது. உப்பில் அயடீன் சேர்த்தல் 1995இற் கட்டாயமாயிற்று. பிறந்த குழந்தையின் தைரொயிட் சோதனை 2010ஆம் ஆண்டளவில் தென் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் விரிந்தது. குதிகாலிற் குத்தும் கை ஏற்கெனவே உண்டு, வடிதாளும் உண்டு. அதே துளியில் பயோட்டினிடேஸ் போன்ற, மருந்துள்ள மற்றைய நோய்களையும் சோதித்தலே அடுத்த படி. பிறந்த நாளிற் செவியைச் சோதித்தல் மட்டும் போதாது என்பதும் இங்கே வற்புறுத்தற்குரியது. பிறக்கையில் நன்கு கேட்ட குழந்தையே இந்நோயிற் பின்னர்ச் செவியை இழக்கின்றது.

செவி மீளாத குழந்தைகள்

எவ்வளவு செய்தாலும் செவி மீளாத குழந்தைகள் இருப்பர். அவர்களை வரலாறு இருமுறை வஞ்சித்துள்ளது. 1880இல் மிலான் நகரிற் கூடிய செவிடர் கல்வி மாநாடு, கைமொழியைப் பாடசாலைகளிலிருந்து விலக்கவேண்டும் எனத் தீர்மானித்தது. கேட்பவர்கள் கூடிக் கேளாதவர்களின் மொழியைப் பறித்த தீர்மானம் அது. இழந்த செவியைவிடப் பறிக்கப்பட்ட மொழி அவர்களுக்குப் பெரிய இழப்பாயிற்று. இலங்கையில் செவிடருக்கும் குருடருக்குமான பாடசாலை 1912இல் மேரி சப்மன் என்னும் அம்மையாரால் தொடங்கப்பட்டு இரத்மலானையில் வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. இரண்டும் போற்றற்குரியன. ஆனால் காரைதீவிலிருந்து இரத்மலானையும் கைதடியும் எவ்வளவு தூரம்! இலவசக் கல்வி 1945இல் வந்தது. கேளாத பிள்ளையின் வாசலுக்கு அது எத்தனை ஆண்டு தாமதித்து வந்தது என்பதை ஒவ்வோர் ஊர் ஆசிரியரும் தம் ஊரை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இடையிலே போர் வந்தது. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. இக்கரையோரம் முழுவதையும் அது வாரிச் சென்றது. துயர்களுக்கிடையே சிறு துயர் மறக்கப்படுவது வழக்கம். 2016இல் இலங்கை அரசு மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை உறுதிசெய்தது. கையொப்பமிட்ட கை கைமொழியும் கற்றல் வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது உண்டா? உண்டு. கடைசி வாங்கில் இருத்தப்பட்டு, மந்தம் என்றும் பிடிவாதம் என்றும் பெயர் பெற்ற பிள்ளையின் செவியை ஒருமுறை சோதிக்கச் செய்யலாம். வலிப்பும் மயிருதிர்வும் கொண்ட குழந்தையைச் சாந்தி கழிப்போரிடம் கொண்டுசெல்லும் தாயை, அவளைப் பழிக்காது, வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்லலாம். சுமப்பவர் இருவர் என்னும் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, தாயின் மேலுள்ள பழியை அழிக்கலாம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கற்கும் நாம், அந்நான்காம் மொழியாகிய கைமொழியில் நூறு சொல்லேனும் கற்கலாம். காரைதீவும் நிந்தவூரும், கோயிலும் பள்ளிவாசலும், ஒரே குடிமுறையையும் ஒரே வயலையும் ஒரே கடலையும் பகிர்ந்துகொண்டவை; ஒரே பரம்பரைக் கணக்கையும் பகிர்ந்துகொண்டவை. இக்கோரிக்கையை இரண்டும் சேர்ந்தே எழுப்புதல் இயலும்.

விபுலாநந்தர் காலத்தால் மௌனமாகிவிட்ட யாழை மீண்டும் ஒலிக்கச் செய்யக் கணிதமும் இலக்கியமும் கற்றுப் பல்லாண்டு உழைத்தார். மரமும் நரம்பும் கொண்ட ஒரு கருவிக்காக அவ்வளவு உழைப்பு! மௌனமாகப் போகவிருக்கும் ஒரு குழந்தையின் செவியைக் காக்க வேண்டுவது ஒரு துளி இரத்தம், ஓர் ஆய்வுகூடம், ஒரு மாத்திரை. இவை மூன்றையும் ஒன்றுசேர்க்கும் சமுதாய உறுதி நம்மிடம் உண்டா என்பதே கேள்வி.